நிறுத்தத் தெரிந்த கை

திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலும் பெரிய ஏரியும் உள்ள ஊர். வடக்கே கழுவேலிச் சதுப்பு. அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். மேட்டில் முந்திரி, சவுக்கு, மல்லாட்டை. ஏரித் தண்ணீர் பாயும் பள்ளத்தில் நெல். ஏர் பூட்டிய மாடுகளை இங்கே இப்போது எப்போதாவதுதான் பார்க்க முடிகிறது. மணிக்கணக்கில் வாடகை பேசி வரும் டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிய ரோட்டவேட்டருமே உழவை முடித்துவிடுகின்றன.

மாடு வலித்தால் நிற்கும், மிரண்டால் கத்தும். பக்கத்தில் நிற்பவனுக்கு எச்சரிக்கை கிடைக்கும். டிராக்டருக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் முதுகுப்பக்கம் சுழலும் ஒரு தண்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். பி.டி.ஓ. ஷாஃப்ட் என்பார்கள். எஞ்சினின் ஆற்றலைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோவது இதுதான். ரோட்டவேட்டரின் கத்திகள் மண்ணைக் கிளறுவதும், கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளை சுற்றுவதும் இதன் தயவில்தான்.

உலகெங்கும் பெரும்பாலான டிராக்டர்களில் இந்தத் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9 சுற்று. டிராக்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய தண்டின் குறுக்களவு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதை ஒருமுறை சுற்ற 11 சென்டிமீட்டர் துணி போதும். ஆக ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். இரு முனைகளிலும் உள்ள மடக்கு மூட்டு இதைவிடப் பருமன், அங்கே இழுப்பும் அதிகம். தோளில் கிடக்கும் துண்டின் நுனி, தூக்கிக் கட்டாத கைலி, காற்றில் பறக்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவானாலும் சரி, உடம்புக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் தளர்ச்சி ஒரு முழம்தான். அரை நொடியில் தீர்ந்துவிடும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பின்வாங்க அதைவிட நேரமாகும். "சுதாரித்துக்கொள்வேன்" என்று எவ்வளவு கெட்டிக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். மனித உடம்பின் வேகம் அதற்கு இடம் கொடுக்காது.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தண்டின் மேல் குழாய்போல் ஒரு பிளாஸ்டிக் உறை. தண்டு உள்ளே சுழலும், உறை சுழலாது. ஒரு சின்னச் சங்கிலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். கிரீஸ் வைக்கும்போது இடைஞ்சல் என்று உறையைக் கழற்றுவார்கள், கழற்றியது கொட்டகை மூலையில் கிடக்கும். கழற்றாத இடங்களிலோ கடலோர உப்புக்காற்று சங்கிலியைத் துருப்பிடிக்க வைத்து அறுத்துவிடும். சங்கிலி அறுந்த உறை தண்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால் அது இருந்தும் பயனில்லை. உறையைப் பூட்டிவிட்டு, சங்கிலியை மாட்டும் முன், எஞ்சின் நின்றிருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு அசையாமல் உறை மட்டும் தனியே சுற்ற வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

பழைய பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாடு கட்டிப் பரம்படிக்கும்போது பலகையின் மேல் ஒருவர் ஏறி நிற்பது வழக்கம். பாரம் இருந்தால்தான் சேறு சமப்படும். அந்தப் பழக்கத்திலேயே ரோட்டவேட்டர் மேலும் ஆளை ஏற்றுகிறார்கள், மட்கார்டில் பையனை உட்கார வைக்கிறார்கள். பரம்பிலிருந்து தவறினால் சேற்றில் விழலாம். ரோட்டவேட்டரிலிருந்து தவறினால் கத்தியில்தான் விழ வேண்டும். பாரம் வேண்டுமென்றால் மண் மூட்டையைக் கட்டுங்கள். மனிதனை ஏற்றாதீர்கள்.

கவிழ்வது இன்னொரு ஆபத்து. பின்சக்கரம் சேற்றில் புதைந்து நகராமல் நிற்கும்போது கிளட்சைச் சடக்கென்று விட்டால், சக்கரத்தைச் சுழற்ற முடியாத எஞ்சின் டிராக்டரின் முன்பக்கத்தையே தூக்கும். ஒன்றரை நொடிக்குள் வண்டி பின்னோக்கிப் புரண்டுவிடும். அதில் பாதி நேரத்திலேயே திரும்ப முடியாத கட்டம் வந்துவிடும். இந்தக் கரையில் புயலுக்குப் பின் இந்த ஆபத்து கூடுகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2020 நவம்பரில் மரக்காணம் அருகே கரை கடந்த நிவர், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் சாய்ந்த மரங்களை இழுக்க டிராக்டர்தான் முதலில் வருகிறது. சங்கிலியைக் கீழேயுள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, பின் அச்சின் மேலோ மாட்டினால், இழுக்க இழுக்க டிராக்டர் தன்னைத்தானே மல்லாத்திக்கொள்ளும். ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே வண்டி புரண்டு நசுங்கிச் சாவது அரிதாகிப் போனது. நம் வயல்களில் ஓடும் பல டிராக்டர்களில் அந்தச் சட்டகம் இன்றும் இல்லை.

சட்டம் நம்மிடமும் உண்டு. வடக்கே கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. கதிரை உள்ளே தள்ளும் வாய்த்தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கணக்கின் பொருள் எளிது. தோளிலிருந்து விரல் நுனிவரை நம் கை அவ்வளவு நீளம் கிடையாது. தொட்டி முழு அளவில் இருந்தால், தூக்கக் கலக்கத்தில் தள்ளினாலும் விரல் உருளையைத் தொடாது. உங்கள் களத்துக்கு வரும் இயந்திரத்தின் தொட்டியை முழம் போட்டுப் பாருங்கள். இரண்டு முழத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் விபத்து நடந்துவிடலாம். அப்போது அடிபட்டவரால் ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்தில் நிற்பவர்தான் எல்லாமே. வரப்பில் நிற்கும் வீட்டுக்காரம்மா, நாற்று எடுத்துத் தரும் பெண், சோறு கொண்டுவந்த பிள்ளை இவர்களில் எத்தனை பேருக்கு டிராக்டரை நிறுத்தத் தெரியும்? சாவியைத் திருப்பினால் நின்றுவிடும் என்று நினைப்பார்கள். பைக் அப்படி நிற்கும். டீசல் டிராக்டர்களில் பலவும் சாவியைத் திருப்பினாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டீசலை அடைக்கும் ஒரு குமிழை வெளியே இழுத்தால்தான் எஞ்சின் அடங்கும். அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரியாத காரணத்தால் ஓர் உயிர் போகக் கூடாது.

எஞ்சின் நின்ற பிறகே ஆளைத் தொட வேண்டும். சிக்கிய துணியை அறுத்துவிடுங்கள். உடம்பு சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், எஞ்சினை ஓட்டிப் பின்னோக்கிச் சுற்றவும் முயலாதீர்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். கை காலில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே அகலமான துண்டால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். கட்டிய மணியைக் குறித்து வையுங்கள், மருத்துவர் கேட்பார். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

விரலோ கையோ துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துப் போக வேண்டும். ஐஸ் நேரே பட்டால் சதை கெட்டுவிடும். துண்டான உறுப்பைத் திரும்பப் பொருத்தும் கலையில் தமிழ்நாடு பின்தங்கிய இடம் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் தொடங்கிய கைக்காயப் பிரிவு நாடறிந்தது. முழுக் கை என்றால் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு.

இரும்பைக்காரர்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் பக்கம்தான். மரக்காணத்து உப்பளத்தில் மோட்டாரில் கை சிக்கியவருக்குத் தூரம் அதிகம். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது, ஆனால் வயலுக்கு விலாசம் கிடையாதே. "ஏரிக்கரைப் பக்கம்" என்றால் ஓட்டுநர் எந்தக் கரை என்று தேடுவார். பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் பெயரையோ கம்பத்து எண்ணையோ உழவு தொடங்கும் முன்பே போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவுடன் ஒருவர் தார்ச்சாலைக்கு ஓடி நின்று வழி காட்டட்டும்.

அடுத்த முறை உங்கள் நிலத்துக்கு டிராக்டர் வரும்போது, முதல் சால் ஓட்டும் முன் ஓட்டுநரிடம் கேளுங்கள்: "அண்ணா, இத எப்டி நிறுத்தறது?" அவர் காட்டும் குமிழை நீங்கள் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வரப்பில் நிற்கும் ஒவ்வொருவரையும், முக்கியமாகப் பெண்களை, ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.