ஒல்லிப் பலகை, கல்லு பூட்ஸ்!

செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்காவைத் தெரியுமோ? 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கீயில் ஒரு தங்கம், ஒரே வாரத்தில் ஸ்னோபோர்டில் இன்னொன்று என்று அள்ளிக்கொண்டு போனவர்.

அவர் ஏறி நின்ற 'ஆல்பைன்' பலகை இருக்கிறதே, சரியான ஒல்லிப்பிச்சான்! நடுவில் சுமார் 20 சென்டிமீட்டர்தான் அகலம். நம்ம பாதமோ அதைவிட நீளம். குறுக்கே நின்றால், பலகை சாயும்போது பூட்ஸ் நுனி பனியில் இடிக்கும்; அப்புறம் தலைகுப்புறதான். அதனால் பாதத்தை 60 டிகிரி வாக்கில் முன்பக்கம் திருப்பிப் பூட்டிவிடுகிறார்கள்.

சாய்த்தால் போதும். ஓரத்து எஃகு விளிம்பு பனியைக் கத்தி மாதிரி கீற, பலகையின் இடுப்பு வளைவே ஆளைத் திருப்பிக்கொண்டு போகும்.

பூட்ஸ்? கல்லு மாதிரி பிளாஸ்டிக். சொகுசாக இருக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிசாக எடுத்தால், குதிகால் உள்ளே தூக்கும். பலகை பேச்சைக் கேட்காது. ரெண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிற வேலையெல்லாம் இங்கே நடக்காது, சாமி!