ஊதியம் வாங்காத பேராசிரியர்

கல்லூரிப் பேராசிரியரின் பணிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. அறிந்ததை மாணவர்களுக்குக் கற்பிப்பது ஒன்று. இதுவரை யாரும் அறியாததைத் தேடிக் கண்டறிவது மற்றொன்று. இவ்விரண்டையும் பல ஆண்டுகள் ஒருசேரச் செய்தவர் ஜகதீச சந்திர போஸ். வசதியும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஒரு காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதே அவருடைய வாழ்வின் சிறப்பு.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கிலேய அரசில் உயர்பதவி வகித்தவர். ஆயினும், ஆங்கிலம் கற்பதற்கு முன் தாய்மொழியைக் கற்க வேண்டும் என்று கருதி, மகனை வங்காளமொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மீனவரின் மகனும் பணியாளரின் மகனும் அவருடன் ஒன்றாக அமர்ந்து படித்தனர்.

பின்னர், கொல்கத்தாவின் தூய சேவியர் கல்லூரியில் அருள்தந்தை லஃபோன் என்னும் ஆசிரியரிடம் போஸ் இயற்பியல் பயின்றார். லஃபோன் பாடங்களைச் சோதனைகள் மூலம் விளக்குவதில் வல்லவர். 1880இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டார். அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அறிவியல் பயின்றார். புகழ்பெற்ற இயற்பியலாளர் ரேலி பிரபு அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

1885ஆம் ஆண்டு போஸ் தாயகம் திரும்பினார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இந்தியர்களுக்கு அறிவியலைக் கற்பிக்கும் திறன் இல்லை என்ற எண்ணம் அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் பலரிடம் இருந்தது. அதனால் அவருடைய நியமனத்திற்கே எதிர்ப்பு எழுந்தது. ஊதியத்திலும் வேறுபாடு காட்டப்பட்டது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பணி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு வழங்க முன்வந்தனர். ஆக, ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கற்பித்தாலும், அவருக்குக் கிடைக்கவிருந்தது மூன்றில் ஒரு பங்கு ஊதியம் மட்டுமே.

போஸ் பதவியைத் துறக்கவில்லை. கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. ஊதியத்தைத் தொடாமல் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். அப்போது அவருடைய குடும்பம் கடன் சுமையில் தவித்துக்கொண்டிருந்தது. எனினும், அவர் ஒரு வகுப்பையும் குறைவாக நடத்தவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு மாணவர்கள் பொறுப்பில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தம் ஆசிரியர் லஃபோனைப் போலவே, கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாமல் சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் அவருடைய தகுதியை ஒப்புக்கொண்டது. அவருடைய பணி நிரந்தரமாக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குரிய முழு ஊதியமும் மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தொகை குடும்பக் கடனை அடைக்க உதவியது.

கற்பித்தலில் வேரூன்றிய போஸ், 1894ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் முழுமூச்சுடன் இறங்கினார். கல்லூரியில் அதற்கெனத் தகுந்த ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறிய அறையையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். கருவிகளைச் செய்வதற்குத் தகர வேலை செய்யும் உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரைப் பழக்கினார். பகலில் வகுப்புகள் இருந்ததால், வகுப்பு முடிந்த பின்னரே ஆராய்ச்சிக்கு நேரம் கிடைத்தது.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது மின்காந்த அலைகளை. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்ட்ஸ் இவ்வலைகளைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சோதனையில் உண்டாக்கிக் காட்டியிருந்தார். ஒளியும் ஒரு மின்காந்த அலையே. அப்படியானால், ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகளும் ஒளியைப் போலவே பட்டுத் திரும்புமா? வளையுமா? இதை நுணுக்கமாக ஆராய ஓர் இடையூறு இருந்தது. அலைநீளம் கூடக்கூட, அதை ஆராயும் ஆடிகளும் பட்டகங்களும் பெரியனவாக இருக்க வேண்டும். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. சிறிய அறையில் பெரிய கருவிகளை வைக்க முடியாது. எனவே, போஸ் அலையைச் சிறிதாக்கினார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளை உண்டாக்கினார். அதன்பின் மேசைமீது வைக்கும் சிறு கருவிகளே அவருக்குப் போதுமாயின.

அக்கருவிகளுள் சில, நம்மை வியக்க வைக்கும் எளிமை கொண்டவை. அலைகளின் அதிர்வுத் திசையை ஆராய அவர் முறுக்கிய சணல் நாரைப் பயன்படுத்தினார். இரயில் நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகியும் சோதித்தார். புத்தகத்தை ஒரு திசையில் பிடித்தால் அலை ஊடுருவிச் சென்றது. அதனைத் திருப்பிப் பிடித்தால் தடைபட்டது.

1895ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் போஸ் ஒரு சோதனையை நிகழ்த்தினார். கம்பி இணைப்பு ஏதுமின்றி, சுவர்களைக் கடந்து சென்ற அலைகள் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டு, இலண்டன் இராயல் கழகத்தில் அவர் தம் கருவிகளை இயக்கிக் காட்டி உரையாற்றினார்.

அறிவியல் கண்டுபிடிப்புகள் அனைவருக்கும் உரியவை என்பது போஸின் கொள்கை. ஆகவே, காப்புரிமை பெற்றுப் பணம் ஈட்டுவதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால், அலைகளை உணரும் படிகக் கருவிக்கு மட்டும் விண்ணப்பித்தார். 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும், அதைக் கொண்டு அவர் வருவாய் தேடவில்லை.

பிற்காலத்தில் அவருடைய கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். தாவரங்களைப் பற்றி அவர் கூறிய முடிவுகள் சில, அறிஞர்களிடையே கருத்து வேறுபாட்டைத் தோற்றுவித்தன. போஸ் தம் கருவிகளுடன் பல நாடுகளுக்குச் சென்று, அறிஞர்களின் கண்முன்னே சோதனைகளைச் செய்து காட்டினார்.

1915இல் போஸ் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் இருவர் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர், விண்மீன்களின் வெப்பநிலையையும் அவற்றின் நிறமாலையையும் தொடர்புபடுத்த உதவும் சமன்பாட்டைக் கண்ட மேகநாத் சாகா. மற்றொருவர் சத்தியேந்திரநாத் போஸ். அணுவினும் நுண்ணிய துகள்களுள் ஒருவகை, அவர் பெயரால் இன்று 'போசான்' என்று அழைக்கப்படுகிறது.

ஓய்வுக்குப் பின்னும் ஜகதீச சந்திர போஸ் ஓய்ந்திருக்கவில்லை. 1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளில் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆய்வுக்கூடம் இல்லாமல் தாம் பட்ட இன்னல் அடுத்த தலைமுறைக்கு நேரக்கூடாது என்று அவர் விரும்பினார். 1920இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

அன்று ஒரு சிறிய அறையில் அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள், இன்று வானொலித் தொலைநோக்கிகளிலும் அதிவேகக் கம்பியில்லாத் தொடர்பிலும் பயன்படுகின்றன. குறைந்த ஊதியத்தை மறுத்தபோது தம் மதிப்பையும், வகுப்பை விடாது நடத்தியபோது தம் கடமையையும் காத்தவர் போஸ். உரிமைக்காகப் போராடுபவர் கடமையைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கை சிறந்த சான்றாகும்.