பருவத்துக்கு ஒரு மனை

வேற்றூரில் ஓரறை வீட்டில் குடிபுகும் நமக்கு, மகப்பேறு வரும்போதும் முதிய பெற்றோர் வந்து தங்கும்போதும் அவ்வீடு போதாமற் போகிறது. சோழர் கல்வெட்டு நக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளில் முன்னாளில் இத்தொல்லையை ஊரே தன் பொறுப்பாக ஏற்றிருந்தது.

கார் நிக்கோபாரில் ஊர்தோறும் கடற்கரையோரமாக ‘எல்பனம்’ என்னும் பொதுவிடம் இருந்தது. பொதுக்கூடம், பிள்ளை பெறுவோர்க்கு ஒரு வீடு, இறக்குந் தறுவாயில் உள்ளோர்க்கு வேறொரு வீடு, இடுகாடு ஆகிய யாவும் அங்கேயே அமைந்திருந்தன. சாவுக்குத் தனி வீடா என்று நாம் முதலில் திடுக்கிடத்தான் செய்வோம். இடைப்பட்ட வாழ்நாளோ, ‘துஹெட்’ என்னும் கூட்டுக் குடும்பத்தோடு, கம்பங்கள்மேல் நின்ற தேன்கூடு போன்ற வட்டக் குடில்களில் கழிந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. மக்கள் சில ஆண்டுகள் தகரக் கொட்டகைகளில் வெந்தபின், அரசு நிலையான வீடுகளைக் கட்டித் தந்தது. அவை உறுதியானவைதாம்; எனினும் கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு குடும்பமே அவற்றுக்கு அளவாயிற்று. பாட்டியும் மணமாகாத மாமனும் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்ற வினா துஹெட்டில் எழ வேண்டியிருக்கவில்லை.