ஒரே பந்தி

கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் மார்க்கத்தில், நெல்லிக்குப்பத்தை அடுத்துள்ள மேல்பட்டாம்பாக்கத்தில், 1860-களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்னும் பாதிரியார் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தை ஸ்தாபித்தார். லைப்ஸிக் மிஷனின் ஊழியராக இந்தியாவுக்கு வந்த அவர், ஜாதியை வெறும் சமூக வழக்கமென்று கருதிப் பொறுத்துக்கொண்ட அச்சங்கத்தின் போக்கை ஏற்க மனமின்றி, உத்தியோகப் பாதுகாப்பைத் துறந்து வெளியேறியவர்.

விவாதம் வேத சாஸ்திர நூல்களோடு நின்றுவிடவில்லை. சோற்றிலும் தண்ணீரிலும் இறங்கி நின்றது. திருவிருந்தில் பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டு, முந்தியவரின் உதடு பட்ட அதே கிண்ணத்தில் திராட்சரசம் பருகுகிற ஒருவர், வீடு திரும்பியதும் அந்த முந்தியவர் சமைத்த சோற்றை மறுக்கலாமா? மறுப்பவருக்கு அந்தக் கிண்ணத்தின் பொருள் விளங்கவேயில்லை என்பதே என் துணிபு.

பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் ஓக்ஸின் பணியை மேற்கொண்டது. பாடசாலைகளும், திருக்கோவிலூரில் ஓர் ஆஸ்பத்திரியும் தோன்றின. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததே.

ஜாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தர் நந்தனாரின் ஏக்கத்தை நினைவில் சுமக்கும் சிதம்பரத்திலோ, 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனாரின் பெயராலேயே ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி கண்டார். மார்க்கம் வேறாயினும் கேள்வி ஒன்றே. ஞானஸ்நானம் பெற்று எத்தனையோ தலைமுறைகள் கடந்த பின்னும், கல்லறைத் தோட்டத்தில்கூட ஜாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் சபைகள் தமிழ்நாட்டில் இருப்பதால், ஓக்ஸ் எழுப்பிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.