கூட்டாளியின் பழைய கட்சி அட்டை

கிழக்கு ஜெர்மனியின் 1.6 கோடி மக்களில் ஏறத்தாழ 23 லட்சம் பேர் 1989-இல் ஆளுங்கட்சி உறுப்பினர்கள். அரசு ஆலையில் மேலாளர் நாற்காலிக்குப் பெரும்பாலும் அந்தக் கட்சி அட்டை வேண்டியிருந்தது. அதனால், 1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்த பின் ஆலைகள் தனியாருக்குப் போனபோது எந்த இயந்திரம் ஓடும், மூலப்பொருள் யாரிடம் கிடைக்கும், தொழிலாளிகளில் யார் கைதேர்ந்தவர் என்பதெல்லாம் அந்த மேலாளர்களுக்கே அத்துபடி. பல ஆலைகளை முன்னாள் மேலாளர்களே வாங்கி நடத்தினார்கள். பழைய சகாக்களுக்குள் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

வெளியே நின்றவர்களுக்கு அதே அட்டை உறுத்தியது. மிச்சமிருந்த சுமார் 11,000 தனியார், பாதித் தனியார் நிறுவனங்களை 1972-இல் அரசு எடுத்துக்கொண்டது. அவற்றில் பலவற்றை உரிய குடும்பங்கள் 1990 முதல் மீட்டன. பறித்த ஆட்சியில் பதவி வகித்தவரோடு கூட்டுச் சேர அவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

தொழில்களை முடக்கியது மூலதனப் பற்றாக்குறையும் கிழக்குச் சந்தைகளின் இழப்பும்தான் என்பாரும் உண்டு. அவை பெரிய காரணங்களே. அவநம்பிக்கைக்கு அவை விளக்கமாகா.

கட்சி அட்டையாவது ஊரறிந்த விஷயம். உண்மையான ஆபத்து உளவில் இருக்கிறது. 1989-இல் ரகசியப் போலீஸில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் சுமார் 91,000 பேர். அதற்கு மேல், வேலையிடத்திலும் குடியிருப்பிலும் ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் 1.7 லட்சத்தைத் தாண்டுவர். 1991 டிசம்பரில் வந்த சட்டப்படி, ஒருவர் தம்மைப் பற்றிய கோப்பைப் பார்க்கலாம். அதில் தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயரையும் கேட்டறியலாம். கூட்டாளியாக வரப்போகிறவரின் கோப்பை வாங்கிப் பார்க்க வழியில்லை. எஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 100 கிலோமீட்டரைத் தாண்டும். அவசரத்தில் கிழித்த தாள்கள் மட்டும் ஏறத்தாழ 16,000 மூட்டைகள். பெரும்பாலானவை இன்னும் ஒட்டப்படவில்லை.

கட்சிப் பதவி தெரிந்திருந்தால் அதற்கேற்ப ஒப்பந்தத்தை இறுக்கலாம், முன்பணம் கேட்கலாம். உறுதிப்படாத சந்தேகத்துக்கு எந்த நிபந்தனையும் பிடிமானம் தராது. பேச்சே தொடங்காமல் போகும். உளவாளிகள் அடர்ந்திருந்த மாவட்டங்களில் பிறர்மீது நம்பிக்கையும் சுயதொழிலும் குறைவு, வேலையின்மை அதிகம் என்று, ஒன்றிணைப்புக்குப் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

1990-இல் நாற்பது வயதில் தொழில் தொடங்கியவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். நிறுவனம் பிள்ளைகளிடமோ வெளியாரிடமோ கைமாறுகிறது. கணக்கு, கடன், வரி எல்லாம் தணிக்கையாகின்றன. பக்கத்து ஊர் ஆலையோடு ஏன் கொடுக்கல் வாங்கலே இல்லை என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர் நிறுவனர் ஒருவரே.