முறையீட்டுப் பதிவேடும் கணிப்பொறிக் கட்டளையும்

எரியாத தெருவிளக்கு, நீர் வராத குழாய், அடைபட்ட சாக்கடை ஆகியவை பற்றிய முறையீடுகள் ஊராட்சி அலுவலகத்திற்கு வந்தவண்ணம் உள்ளன. இவற்றைக் கணிப்பொறியின் விரிதாளில் பதிந்து வைப்பின், நாளடைவில் பல நூறு வரிசைகள் சேர்ந்துவிடும். கிராம சபை கூடுமுன் தீராதவற்றை மட்டும் வேறொரு தாளில் எடுத்தெழுதுதல் அவசியமாகும். கையால் எழுதுங்கால் ஒரு வரிசை விடுபடினும், ஒரு தெரு இருளிலேயே கிடக்க நேரிடும்.

இவ்வேலையை 'ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைத் தொகுப்பிடம் ஒப்படைக்கலாம். கூகுள் ஷீட்ஸில் இதற்கென 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்னும் வசதி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் இத்தொகுப்பு மூன்று படிகளில் இயங்கும்.

முதலாவதாக, 'பதிவேடு' என்னும் தாளிலுள்ள வரிசைகள் யாவற்றையும் 'கெட்வேல்யூஸ்' என்னும் கட்டளை ஒரே முறையில் படித்தெடுக்கும். இரண்டாவதாக, ஒவ்வொரு வரிசையிலும் நிலைமையைக் குறிக்கும் கட்டத்தை நோக்கி, வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இங்கு எண்ணிக்கை 0 முதல் தொடங்குவதால், ஐந்தாம் கட்டத்தை 4 என்றே குறிக்க வேண்டும். மூன்றாவதாக, 'நிலுவை' என்னும் தாளில் தலைப்பு வரியை விடுத்து ஏனையவற்றை அழித்தபின், 'செட்வேல்யூஸ்' கட்டளையால் புதியவற்றை ஒருங்கே எழுத வேண்டும். அழிக்காவிடில், தீர்ந்துபோன முறையீடுகளும் அடியில் தங்கிவிடக்கூடும். ஒவ்வொரு வரிசையாக எழுதினால் காலம் நீளும். ஓர் இயக்கத்திற்கு 6 நிமிட வரம்பு உண்டென்பதை மறத்தலாகாது.

இவற்றினும் முக்கியமானது தெரிந்தெடுக்கும் விதியாகும். 'நிலுவை' என எழுதப்பட்டவற்றை மட்டும் எடு எனக் கட்டளையிட்டால், நிலைமை எழுதப்படாத வரிசையும், சொல்லின் இறுதியில் வெற்றிடம் விழுந்த வரிசையும் தப்பிவிடும். அம்முறையீடுகள் எவர் கண்ணிலும் படா. ஆதலால், 'முடிந்தது' என்றிராத அனைத்தையும் எடு என விதித்தலே தக்கது. அப்பொழுது எழுத்துப் பிழை நேரினும், முடிந்த முறையீடொன்று பட்டியலில் மிகுதியாக நிற்கக்கூடுமேயன்றி, முடியாதது மறையாது. மிகுதியை அலுவலர் கண்டு நீக்கலாம். மறைந்ததைக் காண்பது எங்ஙனம்?

மேலும், வரிசைதோறும் பதிவெண் இருத்தல் நலம். இரு தாள்களையும் ஒப்புநோக்க அது துணைபுரியும். மூலப் பதிவேட்டில் எதையும் நீக்காது, படியெடுத்தல் மட்டுமே செய்க.

ஊராட்சி ஊழியர்கள் முதற்கண் பதிவேட்டின் நகலொன்றில் இதனைப் பயின்று, பத்து வரிசைகளையேனும் கையால் சரிபார்த்த பின்னரே வழக்கத்திற்குக் கொணர்வார்களாக.