சால்வியா: பூங்காச் செடியும் அதன் வளர்ப்பும்

உதகை, கொடைக்கானல், ஏர்க்காடு முதலிய மலையூர்ப் பூங்காக்களில், கோடை காலத்தில் பாத்தி பாத்தியாகத் தீ மூண்டாற்போல் சிவந்து நிற்கும் சால்வியாச் செடியைக் காணாதவர் நம் வாசகர்களில் சிலரே இருப்பர். அண்மையில் நாம் பார்வையிட்ட சங்கங்களில் இரு சாரார் இச்செடியைப் பற்றி வினவினர். விவசாய அங்கத்தினர், சாமந்திக்குப் பதிலாக இதைப் பயிரிட்டால் பூச் சந்தையில் விலை போகுமா என்று கேட்டனர். நெசவாளர்களோ, இத்தனை சிவந்த பூவிலிருந்து நூலுக்குச் சாயம் எடுக்க இயலாதா என்று கேட்டனர். இரண்டு கேள்விகளுக்கும் விடை அச்செடியின் உடலமைப்பிலேயே இருத்தலால், முதலில் அதனை விளக்கிவிட்டுப் பிறகு சாகுபடிக்கு வருவோம்.

சால்வியா துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை யாவும் இதற்கு உறவே. இதன் தண்டு உருண்டையாக இராது; நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இணை இணையாக அமைந்து, ஓர் இணைக்கு அடுத்த இணை குறுக்காக நிற்கும். சால்வியா என்னும் பேரினத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உலகெங்கும் உள்ளன. மேல்நாட்டார் சமையலில் மணத்துக்காக இடும் சேஜ் இலையும் அவற்றுள் ஒன்று. நாம் பேசும் சிவப்புச் சால்வியா வேறு. இது கண்ணுக்கேயன்றிக் கறிக்கு ஆகாது.

சால்வியா ஸ்ப்ளெண்டென்ஸ் என்பது இதன் சாஸ்திரப் பெயர். பிறப்பிடம் பிரேசில். அந்நாட்டில் செடிகொடிகளைத் திரட்டிய ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் செல்லோ இதற்கு இட்ட பெயருடன், 1822-இல் இது தாவர நூலில் இடம்பெற்றது. பாவம், அம்மனிதர் 1831-இல் அந்நாட்டு ஆறொன்றிலேயே மூழ்கி மாண்டார். அவர் கண்டெடுத்த செடியோ ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்று, குள்ள வகைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்று உலகின் பூங்காக்களிலெல்லாம் பரவியிருக்கிறது.

இனி, பூவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு கதிரை ஒடித்து மெல்ல உதறினால், நீண்ட குழல் போன்ற சிவந்த இதழ்கள் கீழே உதிரும். உதிர்ந்த பின்னும் கதிர் சிவப்பாகவே நிற்கும். அப்படி நிற்பது அல்லிவட்டம் அன்று; மணி போன்ற வடிவுடைய புல்லிவட்டம். பெரும்பாலான செடிகளில் புல்லிவட்டம் பச்சையாக இருக்கும். சால்வியாவில் அதுவும் இதழோடு ஒத்த நிறம் கொண்டது. இதழ் சில நாள்களில் விழுந்துவிட, புல்லிவட்டம் வாரக்கணக்கில் நின்று பாத்திக்கு நிறம் தருகிறது. பூங்காக்காரர் இச்செடியை விரும்பும் காரணம் இதுவே.

மணமின்மை, நீண்ட குழல், சிவப்பு நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பறவைக்கென அமைந்த பூ என்று தாவர நூலார் கொள்வர். அமெரிக்கக் கண்டங்களில் அந்தரத்தில் சிறகடித்தபடியே தேன் உறிஞ்சும் ரீங்காரச் சிட்டு என்னும் மிகச் சிறிய பறவை இவ்வகைப் பூக்களை நாடும். நம் நாட்டில் அப்பறவை இல்லை. தேன்சிட்டு அதன் வேலையைப் பார்க்கிறது. சிட்டு வராவிடினும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் ஆற்றல் இச்செடிக்கு உண்டு. விதை சேகரிப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

நெசவாளர் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சால்வியாவின் சிவப்பு அந்தோசயனின் என்னும் வகையைச் சார்ந்தது. தாவர நிறங்களை ஆராய்ந்து 1915-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் இந்தச் சிவப்பையும் பிரித்து ஆராய்ந்திருக்கிறார். இவ்வகை நிறம் நீரில் எளிதில் கரையும், புளிப்பில் சிவந்து, காரத்தில் மாறிக் கெடும், வெயிலில் வெளுக்கும். சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. ஆகவே, பூவைக் கொதிக்க வைத்து நூலை நனைத்தால் அன்று சிவப்பாகத் தோன்றினும், சில சலவைகளுக்கு நிற்காது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குப் பெயர் வாங்கித் தந்த சிவப்பு, சாயவேர் எனப்படும் இம்பூறலின் வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. அதிலுள்ள அலிசரின் என்னும் பொருள் படிகாரத்தோடு சேர்ந்து இழையைப் பற்றிக்கொள்ளும். சால்வியாவுக்கு அத்திறம் இல்லை. சாயம் போகாத சேலை என்று நம்பி வாங்குகிறவரிடம் இதைக் கொடுப்பது சங்கத்தின் பெயருக்கே கேடு.

விவசாயியின் கேள்விக்கும் விடை ஏறக்குறைய இதுவே. பறித்தவுடன் இதழ் உதிரும் பூ தொடுக்க உதவாது. கூடையில் ஏற்றிச் சந்தைக்குப் போய்ச் சேருமுன் பாதி கொட்டிப்போகும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று சாமந்தியை அழித்து இதைப் போடுதல் வேண்டாம் என்பதே நம் திடமான கருத்து. இச்செடியில் விற்கத்தக்கது பூ அன்று, நாற்று. பூங்காக்கள், பள்ளிகள், விடுதிகள், வீட்டுத் தோட்டங்கள் ஆகியவை பருவந்தோறும் புதிய நாற்று வாங்குகின்றன. அதற்கு ஏக்கர் தேவையில்லை. கிணற்றடியில் நிழலான ஐந்து சென்ட் இடம் போதும்.

பருவம் தவறினால் உழைப்பெல்லாம் வீண். சமவெளியில் ஐப்பசியில் கூரையடியில் விதைத்து, அடைமழை ஓய்ந்து மார்கழியில் நட்டால், தைக் கடைசியிலும் மாசியிலும் பூத்து நிற்கும். பங்குனி வெயில் முற்றியபின் இலை கருகத் தொடங்கும். உதகை போன்ற உயரங்களில் உறைபனி இச்செடியைக் கொன்றுவிடும். ஆதலால் தை மாதத்தில் மூடிய கொட்டகையில் விதைத்து, பனி நின்றபின் வெளியில் நட வேண்டும். அது கோடைப் பருவத்துக்குப் பூக்கும்.

விதையை ஆழப் புதைப்பது பலர் செய்யும் பிழை. சால்வியா விதை வெளிச்சத்தில் நன்கு முளைக்கும். மட்கிய தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்து குழித்தட்டில் நிரப்பி, விதையை மேலே வைத்து விரலால் அழுத்தி, மண் தெரியாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பொடி தூவினால் போதும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பதினைந்து நாள்களில் முளை காணும். தண்ணீரைப் பூவாளியால் கொட்டாமல் தெளிக்க வேண்டும். ஈரம் தேங்கினால் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் தட்டுத் தட்டாகச் சாய்த்துவிடும். முளைகண்ட தட்டை இருட்டறையில் வைத்தால் நாற்று வெளிறி நெடுநெடுவென வளர்ந்து விலைக்கு ஆகாது போகும்.

நான்கு இணை இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். நடும்போது குள்ள வகைக்கு ஒன்பது அங்குலம், உயர வகைக்கு ஓர் அடி இடைவெளி வேண்டும். தொழு உரம் கலந்த, நீர் வடியும் மண் நல்லது. யூரியாவை அள்ளியிட்டால் இலை தழைக்கும், கதிர் குறையும். வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும் வறண்ட நாள்களில் வரும். இலையின் அடிப்புறத்தை வாரம் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் தொடக்கத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். நிறம் வெளுத்த கதிரை அடுத்த இணை இலைக்கு மேலாக வெட்டினால், அந்த இலைக் கக்கங்களிலிருந்து புதுக் கதிர்கள் கிளம்பும்.

விதைக்கென்று விடும் செடிகளில் மட்டும் கதிரை வெட்டலாகாது. புல்லிவட்டம் சிவப்பு நீங்கிக் காகிதம் போல் காய்ந்ததும், அதன் அடியில் நான்கு சிறு கரிய விதைகள் இருக்கும். வாய் திறந்த மணியாதலால் காற்றடித்தாலே அவை உதிர்ந்துவிடும். நெசவாளர் வீடுகளில் வீணாகும் மெல்லிய மல் துணித் துண்டுகளைச் சிறு பைகளாகத் தைத்துக் கதிருக்கு மாட்டினால் ஒரு விதையும் போகாது. துணி காற்றை விடுவதால் பூஞ்சணமும் பிடிக்காது. அவ்விதையை நிழலில் உலர்த்தி, அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடல் நன்று. நாளாக ஆக முளைப்புத் திறன் குறையும். கலப்பின விதையிலிருந்து வந்த செடியானால் அதன் விதை தாயைப் போல் வராது. உயரமும் நிறமும் கலைந்து நிற்கும். விவசாயி தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் மாற்றவும் விற்கவும் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 இடம் தருகிறது. ஆயின், அச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்ட பொட்டலமாக விற்க இடமில்லை.

நாற்றுப் பண்ணையைச் சங்கத்தின் பெயரில் நடத்துவோர், விதைக்குமுன் வாங்குவோரிடம் எழுத்தில் ஆர்டர் பெற வேண்டும். விற்காத நாற்று மூன்று வாரத்தில் தட்டிலேயே வேரிறுகி முதிர்ந்துவிடும். கணக்கேட்டில் விதைத்தது, முளைத்தது, பட்டுப்போனது, விற்றது என நான்கு பத்திகள் தேவை. மூன்றாம் பத்தியை வெட்கப்பட்டுக் காலியாக விடுதல் வேண்டாம். அடுத்த பருவத்துக்கு எத்தனை தட்டு விதைப்பது என்பதை அந்தப் பத்தியைப் பார்த்தே தீர்மானிக்க முடியும்.